கண்டி என்று சொல்லும் பிள்ளைகளுக்கு

மலைத் தோட்டங்களிலே பிறந்து, கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் காரியாலயங்களிலும் ஜீவனம் நடத்திவரும் என் அன்பிற்குரிய பிள்ளைகளுக்கு,

நாவலப்பிட்டியிலிருந்து, முப்பது வருஷகாலம் தோட்டப் பாடசாலைகளில் சுண்ணக்கட்டி பிடித்து ஓய்ந்த ஒரு வாத்தியார் எழுதுவது. உங்களுள் சிலருக்குக் கைபிடித்து அகரம் எழுதுவித்தவன் நான். மற்றவர்கள் என்னை அறியமாட்டீர்கள். அறியாதவர்களும் இம்மடல் தங்களுக்கே வந்ததாகக் கொள்ளவேண்டும், ஏனெனில் நான் சொல்ல வந்த குறை ஒருவரோடு நிற்பதாயின் அவரை அழைத்துக் காதோடு சொல்லியிருப்பேன், ஊரறிய எழுதியிருக்கமாட்டேன்.

சென்ற தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் இவ்வூர்ப் புகையிரத மேடையில் ஒரு காட்சியைக் கண்டேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் புறக்கோட்டையில் தான் வேலைசெய்யும் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய், கொழுந்துக் கறை ஏறி நகக்கண் கறுத்துப்போன விரல்களால், முறுக்குப் பொட்டலம் ஒன்றை அவன் பையின் வாயிலே திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் ஒருவர், பொழுதுபோக்காக, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். பையன் சற்றும் தயங்காமல், "கண்டி" என்றான். அவ்வம்மாள் இரண்டு மைல் தூரத்திலுள்ள தன் லயத்திலிருந்து காலை நான்கு மணிக்கு எழுந்து நடந்து வந்தவள், அந்தச் சொல்லைக் கேட்டாள், முகம் மாறவில்லை, பையின் இழுவையைப் பூட்டினாள். பிறகு நான் தனியே அவனைக் கேட்டபோது, "தோட்டமுன்னு சொன்னா ஒரு மாதிரியா பாக்குறாங்க சேர், சொல்லிக்கிறதுக்கு அங்க என்னா இருக்கு?" என்றான். இம்மடல் அந்தக் கேள்விக்கு நான் எழுதும் விடை.

அவன் பொய் சொன்னான் என்று எவரும் வழக்காட முடியாது. நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அரசாங்கத்தின் புத்தகங்களும் உங்களைக் கண்டி என்றே எழுதுகின்றன. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் தலதா மாளிகையும், பேராதனைச் சர்வகலாசாலையும், ஏரிக்கரைப் பங்களாக்களும், உங்கள் தாயின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன என்பதையும், அவ்வாறு அடங்கும்போது காணாமற்போவது காம்பரா ஒன்றுதான் என்பதையும் நீங்கள் சிந்தித்துப் பார்த்ததுண்டா?

நாட்டின் பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எங்கே வாழ்க்கை உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று கூறுவது இக்காலத்தில் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அந்த ஒப்பீட்டை உங்களைப் போலவே நானும் அறிவேன். 2019ஆம் ஆண்டு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய வருமான, செலவின ஆய்விலே, கொழும்பு மாவட்டத்தில் நூற்றுக்கு 2.3 பேரே வறியவர். தேசம் முழுவதற்கும் அது 14.3. மேல் மாகாணம் ஒன்றே நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தன்னிடம் வைத்திருக்கிறது. இவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா சேர், நாங்கள் போனது சரிதானே?" என்று நீங்கள் கேட்டால், சரிதான் என்றே சொல்வேன். 1874இல் இந்த ஊர்வரைக்கும் இருப்புப்பாதை போட்டவர்கள் மலையின் விளைவைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே போட்டார்கள். கோப்பி இறங்கியது, தேயிலை இறங்கியது, இன்று நீங்கள் இறங்குகிறீர்கள். பசித்தவன் சோறு இருக்கும் திசையில் நடப்பதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனமுமில்லை, உரிமையுமில்லை.

ஆயினும், அந்த 2.3 என்னும் எண்ணுக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கடைக்கு மேலே, வெங்காய மூட்டைகளுக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே, எட்டுப் பேர் தலைமாறிப் படுக்கும் அந்த அட்டாளியை நான் ஒருமுறை வந்து கண்டேன். பகலெல்லாம் தகித்த தகரம் நள்ளிரவு தாண்டியும் ஆறவில்லை. காலையில் முகங்கழுவ ஒரே குழாய்; அதற்கும் வரிசை. கொழும்பின் வாழ்க்கைத் தரம் என்று பத்திரிகைகள் போற்றுவது உங்கள் தலைக்கு மேலாகவும் கண்ணுக்கு எதிராகவும் இருக்கிறதேயன்றி, உங்கள் கைக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விருந்துச் சோற்றையும் பழங்கஞ்சியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, தலைக்கு ஓர் அகப்பை என்று கணக்கு எழுதினால், கஞ்சி குடித்தவனும் விருந்துண்டவனாகவே ஏட்டில் ஏறுவான். சராசரி என்பது அப்படிப்பட்ட கணக்கு. மலையிலே கண்டி என்னும் சராசரிக்குள் மறைந்திருந்த நீங்கள், சமவெளிக்கு வந்து கொழும்பு என்னும் சராசரிக்குள் மறைந்துகொண்டீர்கள்.

இதே ஆய்வில் இன்னொரு பக்கம் உண்டு. மாவட்டங்களை விட்டுவிட்டு, நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்த பக்கம் அது. அங்கே வறுமை நகரத்தில் 6.0 வீதம், கிராமத்தில் 15.0 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகரத்தில் 1,16,670 ரூபாயாக இருந்தபோது தோட்டத்தில் 46,865 ரூபாய். மாவட்டக் கணக்கில் மூடிக்கிடந்த புண் இந்தக் கணக்கில்தான் வாய்திறந்து பேசுகிறது. நம்மைத் தோட்டம் என்று தனியே எழுதியபோதுதான் நம் குறை உலகத்துக்குத் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். கண்டி என்று எழுதியபோது தெரியவில்லை.

இத்தேசம் ஒரு காலத்தில் உலகத்தின் பெரும் பாராட்டைப் பெற்றது. வருமானம் குறைந்திருந்தும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் செல்வந்த நாடுகளோடு தோள்சேர நின்ற அதிசயம் என்று, 1970களில் பொருளாதார விற்பன்னர்கள் இலங்கையை எடுத்துக்காட்டினார்கள். அப்புகழ்ச்சி பொய்யன்று, 1945இல் கன்னங்கரா அவர்கள் நிலைநாட்டிய இலவசக் கல்வியும், ஊர்தோறும் அமைந்த ஆஸ்பத்திரிகளும் அதற்கு ஆதாரம். ஆனால் அதே இலவசக் கல்வி கிராமத்துக்குச் சென்ற வழியில் தோட்டத்துக்குள் நுழையவில்லை. நம் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். உலகம் நம் நாட்டின் நல்வாழ்வை வியந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே மரண வீதம் ஏறியது. பசி தாங்காமல் பட்டணத்துத் தெருவுக்கு வந்து விழுந்தவர்களைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெடுங்காலம் சென்று, 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்விலும், வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் நாட்டில் நூற்றுக்கு 17.3 பேராகவும், தோட்டத்தில் 31.7 பேராகவும் இருந்தனர். என் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவர்களெல்லாம் குட்டையான பிள்ளைகள் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். அவர்கள் உணவு போதாத பிள்ளைகள் என்று அறிந்தது பிற்காலத்தில்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய விதியுமன்று. இந்தியாவிலே மாநிலங்களை ஒப்பிடுவோர் முதலிடத்தில் வைப்பது கேரளத்தை. அந்தக் கேரளத்தின் மூணாற்றில், 2015 செப்டெம்பரில், நம்மைப் போலவே தமிழ் பேசும் கொழுந்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். குறைக்கப்பட்ட போனஸையும் கூலியையும் கேட்டார்கள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே அப்பால் நிற்கச் சொன்னார்கள். அவர்கள் கேரளத்தின் பெருமைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தங்கள் லயத்தின் பெயரோடு வெளியே வந்தார்கள். அதனால்தான் மாநிலத்து மந்திரிகள் அவர்களோடு பேச வேண்டியதாயிற்று.

கொழும்புக்கும் நமக்கும் உள்ள தூரத்தையே நீங்கள் எப்போதும் சொல்கிறீர்கள். ரயிலில் அரை நாளும் ஆகாத அந்தத் தூரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாவலப்பிட்டிப் பட்டணத்திலிருந்து உங்கள் டிவிஷனுக்குள்ள இரண்டு மைல்தான் என்னை மலைக்கவைக்கிறது. பட்டணத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, வங்கிகள் இருக்கின்றன, மகாவலிக் கரையோரம் தார்வீதி இருக்கிறது. அதைத் தாண்டினால் கிராமம். வீட்டுக்கு இலக்கம், மதிலுக்கு வாசற்கதவு, குழாய்க்குத் தண்ணீர். அதற்கும் மேலே தோட்டத்தின் எல்லைக்கல் வந்தவுடன் தார் நின்றுவிடுகிறது. கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. அப்பால் கல்லும் குழியும். ஆனி ஆடி மழையில், முச்சக்கரவண்டிக்காரன் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல போகாது" என்பான். பிரசவ வேதனையில் துடிப்பவளானாலும், அவ்விடம் வரையில் கம்பளியில் தூக்கிக்கொண்டே வரவேண்டும்.

தார் ஏன் அங்கே நின்றது என்று நீங்கள் எப்போதாவது விசாரித்ததுண்டா? மலையின் சரிவோ, மழையின் மிகுதியோ காரணமாயின் கிராமத்து வீதியும் உடைந்திருக்கும். காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவன் வீதி கேட்க இயலாது. அந்தக் கணக்கு முற்றாகத் தீர 2003 ஆயிற்று. அதற்கிடையில், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டம் தனியார் நிலம் என்னும் நியாயத்தால், சபையின் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குத் தடையாக நின்றது. நம் வாக்கைப் பெற்றுச் சபைக்குப் போன உறுப்பினரும், வேண்டுமென்று விரும்பினாலும், நம் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்ட முடியாதிருந்தது. அத்தடையை 2018ஆம் ஆண்டில் பாராளுமன்றம் திருத்தி நீக்கியது. நீக்கிய செய்தி இன்னும் பல லயங்களின் இஸ்தோப்பு வரைக்கும் வந்து சேரவில்லை. என் மடலின் மையம் இதுதான், ஆகையால் இதற்கு மீண்டும் வருவேன்.

செய்தி வந்து சேராமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்து, ஓர் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்தது. வீட்டுக்கு இலக்கமில்லாத காரணத்தால், தோட்டத்துக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் போல அதுவும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், மேசை மூலையில் கிடந்து, பெரட்டுக்குப் போன யாரோ ஒருவர் கையில் கொடுக்கப்பட்டு, அவள் கையை அடைந்தபோது குறித்த தேதி கடந்து ஒன்பது நாளாகியிருந்தது. அவள் அழவில்லை. அக்கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். இன்று உங்களில் ஒருத்தியாகக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஊரைக் கேட்டால் அவளும் கண்டி என்றே சொல்லக்கூடும். வாழ்க்கைத் தரம் என்பதை அளக்க வருமானத்தையும் வீட்டையும் எண்ணுகிறவர்கள், ஒரு கடிதம் உரியவர் கைக்கு எத்தனை நாளில் சேர்கிறது என்பதையும் எண்ணினால், நம் இரண்டு மைலின் நீளம் அவர்களுக்குப் புலப்படும்.

கிராமத்தவரோடு உங்களை மோதவிடுவதற்காக இதை எழுதவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினால், அவர்களுடைய முன்னோர் சேனைப் பயிர் செய்த காடுகள் பறிபோயின. அந்தக் காட்டை வெட்டிய நிலத்தில்தான் நம் முன்னோர் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். கொத்மலை அணைக்காக நீர் ஏறியபோது அவர்களுடைய வயலும் விகாரையும் மூழ்கின. அவர்களுடைய வீதி நம்மிடமிருந்து எடுத்த வீதியல்ல. அவர்களுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கவேண்டும் என்பதே என் வாதம்.

பிச்சை கேட்கும் வாதமுமன்று இது. நீங்கள் கொழும்பில் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுவது. அக்கங்கையோ நம் ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் பிறப்பது. நாவலப்பிட்டி மேட்டில் பெய்கிற மழை மகாவலியில் இறங்கி, பொல்கொல்லையில் ஒரு பங்கு வடபுலத்து வயலுக்குப் பிரிந்து, மீதி விக்டோரியா அணையில் மின்சாரமாகிறது. தேயிலை ஈட்டிய அந்நிய நாணயத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இவ்வளவையும் கீழே அனுப்பிய மலை, தன் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நிற்கிறது. மலை சரிந்தாலோ, முதலில் மண்ணுக்குள் போவதும் நாமே. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் இந்த மலைநாடே பேரழிவைச் சுமந்தது. லயத்தை எந்தச் சரிவில் கட்டுவது என்று நம்மை எவரும் கேட்டதில்லை.

பிள்ளைகளே, இதுவரைக்கும் மற்றவர்கள் மீது குறை சொன்னேன். இனி உங்கள் மீது ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நம்மை மறைத்தவர்கள் பலர்; சட்டம் மறைத்தது, சராசரி மறைத்தது, எல்லைக்கல் மறைத்தது. அவர்கள் விட்ட மிச்சத்தை நீங்கள் உங்கள் வாயினாலேயே மறைக்கிறீர்கள். கூச்சம் உங்களுடைய குற்றமன்று என்பதை நான் அறிவேன். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை எறிந்தவர்களே அதற்குக் காரணம். ஆனால் ஊரின் பெயரைச் சொல்ல நாணுகிறவன் அந்த ஊருக்காக ஒரு விண்ணப்பம் எழுதமாட்டான். உங்கள் தாய் எழுதமாட்டாள். அவளுக்கு ஆபீஸ் என்றால் அச்சம், சிங்களக் கடிதமென்றால் மலைப்பு, ஒரு நாள் போனால் ஒரு நாட்பேர் போய்விடுமென்ற கவலை. நீங்களோ கொழும்பில் வங்கியின் கருமபீடத்திலும், முதலாளியின் சார்பில் அரசாங்கக் கந்தோர்களிலும், சிங்களத்தில் தயக்கமின்றிப் பேசி, பற்றுச்சீட்டு வாங்காமல் நகராதவர்களாகப் பழகிவிட்டீர்கள். அந்தத் தைரியம் நகரம் உங்களுக்குத் தந்த மெய்யான செல்வம். அதை ஏன் திரும்பி வரும்போது ரயிலிலேயே விட்டுவிடுகிறீர்கள்?

ஆகவே நான் கேட்பது இது. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. வருகிற தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது, விடுமுறையோடு ஒரு வேலைநாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு ஓர் ஆயுதம் தந்திருக்கிறது. உங்கள் பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், சபையின் எல்லைக்குள் கிராமத்து வீதிகளுக்கும் தண்ணீருக்கும் செலவான தொகை எவ்வளவு, நம் தோட்டத்தின் இன்ன டிவிஷனுக்குச் செலவான தொகை எவ்வளவு, வருஷவாரியாகத் தருக என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. தகவலைத் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அத்தாட்சிச் சீட்டு வாங்காமல் கருமபீடத்தை விட்டு அசையாதீர்கள்.

இரண்டு தொகைகளும் கையில் வந்த பிறகு, நாட்டின் பகுதிகளை ஒப்பிடும் அந்தப் பெரிய சாஸ்திரத்தை நீங்களே உங்கள் ஊரளவில் செய்தவர்களாவீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு எவரோ எழுதிய எண்ணுக்கு உங்களால் விடை சொல்ல இயலாது. நீங்களே கேட்டு வாங்கிய எண்ணை, 2025 மே மாதத் தேர்தலில் நம் வாக்கைப் பெற்ற உறுப்பினரின் முன்னே வைத்து, இதற்கென்ன நியாயம் என்று கேட்க இயலும். ஒரு தோட்டம் கேட்டால் ஒரு கடிதம். இம்மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நாற்பது கடிதங்கள் ஒரே வாரத்தில் போனால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை எழுதும் கை சற்றே நின்று யோசிக்கும்.

இதில் ஒன்றை மட்டும் நிபந்தனையாகச் சொல்கிறேன். விண்ணப்பத்தின் மேல்முனையில் முகவரி எழுதும் இடத்தில், கண்டி என்று தொடங்காதீர்கள். லயத்தின் இலக்கத்தை எழுதுங்கள், டிவிஷனை எழுதுங்கள், தோட்டத்தின் பெயரை எழுதுங்கள், நாவலப்பிட்டி என்று எழுதுங்கள். கண்டி கடைசியில் வரட்டும்.

தீபாவளி கழிந்த அடுத்த நாளிலிருந்து என் வீட்டு இஸ்தோப்பில் மேசை போட்டுக் காத்திருப்பேன். காகிதமும் பேனாவும் என்னிடம் உண்டு. சிங்களப் பிரதி வேண்டியவர்களுக்கு நானே எழுதித் தருவேன். தேநீரும் உண்டு, நம் மலையின் முதல்தரக் கொழுந்தைக் கப்பல் கொண்டுபோய்விட்டபடியால், நமக்கென்று விட்டுவைத்த தூள்தான். வரும்போது உங்கள் தாயையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்த முகவரியை நீங்கள் எழுதும்போது அவள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் க்ஷேமத்தை நாடும்
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
நாவலப்பிட்டி.